ஆழம் பார்க்கும் ஈயக்குண்டு

உன் மகள் நேற்று முத்தையாபுரத்திலிருந்து வந்து, உன் அப்பாவின் ஈயக்குண்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். தோணியிலிருந்து கயிற்றில் இறக்கிக் கடலின் ஆழம் பார்ப்பார்களே, அதுதான். இன்று அதை மடியில் வைத்துக்கொண்டு டிவியைப் போட்டால், நாம் சனிக்கிழமை மதியங்களில் சேர்ந்து பார்த்த கடற்கொள்ளையர் படம் ஓடுகிறது.

கதையை நீ எப்போது பார்த்தாய்! கதாநாயகன் வாள் வீசும்போது, உன் கண் அவனுக்குப் பின்னால் கிடக்கும் சாமான்களில் இருக்கும். பூகோள டீச்சர், அதிலும் தோணிக்காரர் மகள். கேட்க வேண்டுமா? “அந்தக் காலத்துக் கப்பல்ல இந்த விளக்கு ஏதுளா?” என்று திரையோடு சண்டை போடுவாய்.

சர்க்கரை நோய் உன் கண்ணைக் கொண்டுபோனதும், உன் வீட்டு டிவியைத் துணி போட்டு மூடிவிட்டாய். “எனக்கு இனி எதுக்குளா படம்?” உன்னை அப்படியே விட்டுவிட எனக்குப் பயமாக இருந்தது. துணியை எடுத்தேன்.

“நான் சாமானச் சொல்லுதேன். நீ என்னதுன்னு சொல்லு.”

எனக்குத் தெரிந்த உவமையெல்லாம் அடுப்படியில்தான் கிடைக்கும்.

“தேங்கா மாதிரி ஒரு கட்டை. மூணு கண்ணு இருக்கு.”

“கண்ணுக்குள்ள கயிறு போகுதா?”

“போகுது.”

“பாய்மரம் சாயாம இழுத்துக் கட்டுத கட்டைளா அது. அடுத்ததச் சொல்லு, தூங்காத.”

அந்தச் சனிக்கிழமை மதியங்களில்தான் உன் பழைய அதட்டல் திரும்பி வந்தது.

ஒரு நாள் திரையில் ஈயக்குண்டு வந்தது. “அடிக்குழியில கொழுப்பு அப்பிருக்கா?” என்றாய். அப்பியிருந்தால்தான் கடலடி மணலோ சிப்பித் தூளோ அதில் ஒட்டி வரும். திரையில் குழி வெறுமையாக இருந்தது. நீ சந்தோஷப்படட்டுமே என்று, “அப்பிருக்குளா” என்றேன்.

நீ சிரித்தாய். “கண்ணு தெரிஞ்சப்பவே பாத்த படம்ளா. அந்தக் குழி காலி. எனக்குப் பிடிச்சதச் சொல்லாத, இருக்கதச் சொல்லு. நீயும் மாத்திச் சொன்னா நான் யார் கண்ணால பாக்க?”

அதன்பின் உன்னிடம் மாற்றிச் சொன்னதில்லை. கடைசியாக நீ படுக்கையில் கிடந்தபோது, “என் மூஞ்சி எப்படிளா இருக்கு?” என்று கேட்டாயே, அன்றும்.

“மெலிஞ்சிட்டு. மூக்குத்தி மட்டும் பெருசாத் தெரியுது.”

அதற்கும் சிரித்தாய்.

இப்போது குண்டைத் திருப்பி, குழிக்குள் விரலை விட்டுப் பார்க்கிறேன். உன் அப்பா தோணி ஓட்டிய கடலின் மணல் ஒரு பொட்டாவது ஒட்டியிருக்கிறது என்று எழுத ஆசைதான். இல்லை. வழவழவென்று காலியாக இருக்கிறது. என் விரலில்தான் கொஞ்சம் ஈயக் கறுப்பு ஒட்டியிருக்கிறது. இன்னும் துடைக்கவில்லை.