நடு ஏற்றத்தில் நின்ற வண்டி

பெங்களூர்,
ஞாயிற்றுக்கிழமை, காலைப் பூசைக்குப் பிறகு.

இயேசு மரி சூசை துணை

அன்பு மகன் அருள்ஜோசப்புக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் தயவில் நான் நலம், உன் அக்கா மேரிராணியும் அவள் வீட்டாரும் நலம், பிலாயில் அந்த இரும்புச் சூட்டில் நிற்கிற நீயும் நலமாக இருக்க வேண்டுமென்று தினமும் செபமாலை சொல்கிறேன். அப்பாவும் நலம் என்று வழக்கம்போல எழுதத்தான் பேனாவை எடுத்தேன், இப்போதுதான் பூசையில் நாக்கில் நன்மை வாங்கிவிட்டு வந்திருக்கிறேன், பொய் எழுதக் கை வரவில்லை. மேலே பெங்களூர் என்று போட்டிருப்பதைப் பார்த்ததுமே உனக்குத் திக்கென்றிருக்கும். பதறாதே, நிதானமாகப் படி. அப்பாவுக்குக் குடல் இறக்கம். இங்கே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். அவருக்கு இருமலும் இருக்கிறது, அது அடங்காமல் அறுத்தால் போட்ட தையல் பிரிந்துவிடும் என்று டாக்டர் மருந்து கொடுத்துப் படுக்க வைத்திருக்கிறார், ஆபரேஷனுக்கு எப்படியும் இரண்டு வாரம் ஆகுமாம். பார்க்க வந்த மாப்பிள்ளை உனக்குத் தந்தி அடிக்கலாம் என்றார், நான்தான் தடுத்தேன், நம் ஜனங்களுக்குத் தந்தி வந்தால் பிரிப்பதற்கு முன்னாலேயே அழ ஆரம்பித்துவிடுவார்கள். இந்தக் கடிதமும் எழுதக் கூடாதென்று அப்பாவின் உத்தரவு. அவன் எங்கேயோ கிடக்கிறான், அவன் தலையில் எதற்கு இந்தப் பாரம் என்கிறார். இத்தனை வருஷம் அவர் பேச்சைக் கேட்டது போதும் என்று எழுதுகிறேன்.

வீக்கம் ஒரு வருஷமாகவே இருந்திருக்கிறது, வேட்டியை இறுக்கிக் கட்டி என் கண்ணிலிருந்தே மறைத்திருக்கிறார் மனிதர். ராயக்கோட்டை மண்டியில் தக்காளிக் கூடையைத் தூக்கப் போய் அப்படியே குந்திவிட்ட அன்றைக்குத்தான் குட்டு வெளிப்பட்டது. தர்மபுரி டாக்டர் பார்த்துவிட்டு, இது என்றைக்காவது முறுக்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து, தூக்கிக்கொண்டு ஓடக்கூட நேரம் இருக்காது, பெங்களூர் போய் அறுத்துவிடுங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். இவர் என்ன சொன்னார் தெரியுமா, பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு போகமாட்டேன், ரயில் வரட்டும், வந்தால் முதல் ஆளாக ஏறிப் போய் அறுத்துக்கொள்கிறேன் என்று பங்குச்சாமியார் முன்னிலையில் வாக்குக் கொடுத்தார். சேலம் பெங்களூர் ரயில் வருகிறது வருகிறது என்று நீ சிலேட்டுத் தூக்கிய நாளிலிருந்து கேட்கிறோம், அது வருவதற்குள் தன்னைக் கல்லறைக்குக் கொண்டுபோய்விடுவார்கள் என்ற துணிச்சலில்தான் சொன்னார். அவருக்குக் கத்தி என்றால் பயம், அதை வெளியே சொல்ல வெட்கம்.

ஆனால் ரயில் வந்துவிட்டது தம்பி. நீ போன லீவில் வந்தபோது வெறும் மண்மேடாகப் பார்த்தாயே, அது இப்போது மலையையே வளைத்துப் பிடித்திருக்கிறது. எத்தனை மாதம் வெடிச் சத்தம், அடுப்பில் வைத்த பானையெல்லாம் அதிரும். ஒரு பாறையைப் பிளந்து வழி செய்திருக்கிறார்கள், உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் வானம் ஒரு கோடாகத் தெரிகிறது, பக்கச் சுவரில் உளி அடித்த தடம் வரிசை வரிசையாக அப்படியே இருக்கிறது. அத்தனை மண்ணையும் பெண்டுகள்தான் கூடையில் சுமந்து கொட்டினார்கள், அதை நானே பார்த்தேன், பார்க்காவிட்டால் நம்பியிருக்கமாட்டேன். உங்கள் தொழிற்சாலையில் தண்டவாளம் உருட்டுகிறோம் என்று எழுதியிருந்தாய் அல்லவா, மாரண்டஹள்ளி ஸ்டேஷனில் யாரும் பார்க்காத நேரமாகக் குனிந்து தண்டவாளத்தைத் தொட்டுப் பார்த்தேன். அங்கிருந்து வந்ததா வேறெங்கிருந்து வந்ததா எனக்கென்ன தெரியும், உன் கையைத் தொட்டது போலவே இருந்தது. சிரிக்காதே.

இந்த இடத்தில் உனக்குச் சின்ன ரயிலைப் பற்றிச் சொல்ல வேண்டும், நீ கைக்குழந்தையாக இருக்கும்போதே அது போய்விட்டது. பஞ்ச காலத்துக்குப் பிறகு, இனி ஜனங்கள் சோறில்லாமல் சாகக் கூடாது, தானியம் வந்து சேர வழி வேண்டும் என்று வெள்ளைக்காரன் மொரப்பூரிலிருந்து தர்மபுரி, ராயக்கோட்டை வழியாக ஓசூர் வரைக்கும் போட்ட பாதை அது. இந்தக் காலை ஒரு தண்டவாளத்திலும் அந்தக் காலை மறு தண்டவாளத்திலும் வைத்து நான் நின்றிருக்கிறேன், அவ்வளவு குறுகல். அதில்தான் உன் அப்பா பயர்மேன். மலை ஏற்றம் வந்தால் வண்டி திணறும், உடனே அப்பா எஞ்சினிலிருந்து தலையை நீட்டி, தமிழருக்கு இறங்குங்க, கன்னடக்காரருக்கு இளீரி, தெலுங்குக்காரருக்கு திகண்டி என்று மூன்று பாஷையிலும் கத்துவார். ஆண் பெண் எல்லாரும் இறங்கி வண்டி பக்கத்திலேயே நடப்போம், பேசிக்கொண்டே சீத்தாப்பழம் பறித்துக்கொண்டே போவோம், மேலே சமதரை வந்ததும் ஏறிக்கொள்வோம். கல்யாணமான புதிதில் பட்டுச்சேலையோடு என்னையும் இறக்கி நடக்க வைத்த மகராசன் அவர். தப்பித்தவறி நடு ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டால் தீர்ந்தது, கீழே சமதரை வரைக்கும் பின்னுக்குப் போய், மறுபடி வேகம் பிடித்து ஓடி வந்தால்தான் ஏறும். யுத்தம் வந்தது, தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள், கடல் தாண்டிப் போனதாகப் பேச்சு. அப்பா மண்டிக்குக் கூடை தூக்கப் போனார். அதைப் பற்றி அவர் ஒரு நாளும் குறைப்பட்டுப் பேசி நான் கேட்டதில்லை.

வாக்குக் கொடுத்தாயிற்று, சாமியாரும் விடவில்லை. புறப்பட்டோம். நம் ராயக்கோட்டையிலேயே ஏறி உட்கார்ந்தால் பெங்களூர் போய்விடலாம், ஆனால் இவர் முந்தின நாளே என்னை பஸ்ஸில் மாரண்டஹள்ளிக்குக் கூட்டிக்கொண்டுபோய் மேரிராணி வீட்டில் தங்கவைத்து, அங்கிருந்துதான் ஏறுவேன் என்றார். அங்கிருந்து ராயக்கோட்டைக்கு நடுவில்தான் மலை ஏற்றம் இருக்கிறதாம், அதைப் பார்க்காமல் எப்படி என்றார். பெங்களூருக்குக் குலுங்கும் பஸ் மாரண்டஹள்ளிக்கு மட்டும் பல்லக்காகிவிட்டது. வண்டியில் எங்கள் எதிரில் பாலக்கோட்டு மாதப்பன் கவுண்டர், ஓசூரில் கட்டிக்கொடுத்த பெண்ணைப் பார்க்கப் போகிறவர், அவரும் சின்ன ரயிலில் போனவர்தான், இன்னும் இரண்டு மூன்று பெரியவர்கள். கிளம்பினதிலிருந்து அப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாலத்தைப் பார்க்கிறார், பள்ளத்தைப் பார்க்கிறார், கோவிலுக்குப் புதிதாக வந்த பிள்ளை மாதிரி. கீழே காடு, அதற்கும் கீழே எறும்பு போல மாட்டுவண்டி, நாம் ஆகாயத்தில் போகிறோம்.

ஏற்றத்தில் ஓரிடத்தில் வண்டி மெதுவானது. புது மண் இன்னும் இறுகவில்லை, அங்கே நடையாகத்தான் ஓட்ட வேண்டுமென்று டிரைவருக்கு உத்தரவாம், இது பிறகு தெரிந்தது. எஞ்சின் முனகுவது அப்பா காதில் விழுந்ததோ இல்லையோ, எழுந்தார். தூக்கத்தில் எழுகிறவர் போல எழுந்து, கதவண்டை போய், அந்தப் பழைய குரலில், "எறங்குங்க, இளீரி, திகண்டி" என்று ஒரு சத்தம். வயசுப் பிள்ளைகள் முழிக்கிறார்கள், மாதப்பன் கவுண்டரும் அந்தப் பெரியவர்களும் மட்டும் மூட்டையை வைத்துவிட்டு மறுபேச்சில்லாமல் தடியை ஊன்றி இறங்கிவிட்டார்கள். நான் வேட்டியைப் பிடித்து இழுத்தேன், என் கையிலிருந்து உருவிக்கொண்டு இவரும் இறங்கிவிட்டார். எதற்கும் குதிக்கக் கூடாது, குனியக் கூடாது என்று டாக்டர் சொன்ன உடம்பு அது. கொஞ்ச தூரம் சிரித்துப் பேசிக்கொண்டு வண்டியோடு நடந்தார்கள். அப்புறம் கெட்டி மண் வந்தது போலிருக்கிறது, வண்டி வேகம் எடுத்தது. வண்டி நிற்கும் என்று அவர்கள் நினைக்கிறார்கள், வண்டி போகிறது. அப்பா வயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டு ஓட ஆரம்பித்ததை நான் ஜன்னலில் பார்த்தேன். ஓடினவர் இரண்டாய் மடங்கி உட்கார்ந்தார். தம்பி, அந்த நேரம் என் உயிர் என்னிடத்தில் இல்லை. மேலே சிவப்புச் சங்கிலி தொங்கியது, பக்கத்தில் என்னவோ எழுதியிருந்தது, படிக்க யார் நின்றார்கள், பெஞ்சு மேல் ஏறி இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கிவிட்டேன். அவ்வளவு பெரிய வண்டி நான் இழுத்து நின்றது. என் கையாலா இது என்று பார்த்தேன்.

நான் விழுந்தடித்துக்கொண்டு ஓடினால், இவருக்கு வயிற்று வலி பெரிதில்லை, முகம் வெளுத்து என்னைத் திட்டுகிறார், "நடு ஏத்தத்துல நிறுத்திட்டியே தேவமணி, இனி இது எங்க ஏறப் போவுது" என்கிறார். கார்டு ஓடி வந்தான், உன் வயதுதான் இருக்கும். அப்பா கையெடுத்துக் கும்பிட்டு, எங்களால் தப்பு நடந்துபோயிற்று, நீங்கள் வண்டியைக் கீழே மாரண்டஹள்ளி வரைக்கும் பின்னுக்கு விட்டு மறுபடி ஓட்டி வாருங்கள், நாங்கள் கிழவர்கள் நடந்தே ராயக்கோட்டை வந்துவிடுகிறோம், எங்களால் பாரம் வேண்டாம் என்றார். திட்டத்தான் வந்திருப்பான் அந்தப் பிள்ளை, கேட்டதும் கோபம் இறங்கிவிட்டது. பிறகு அப்பாவின் தோளைத் தாங்கிப் பிடித்து, "பெரியவரே, யாரும் எறங்க வேணாம். எல்லாரையும் வெச்சிக்கினே ஏறும், ஒக்காந்து பாருங்க" என்றான். அவனும் மாதப்பன் கவுண்டரும் சேர்ந்து தூக்கித்தான் ஏற்றினார்கள். படுக்கவைத்தோம், வீக்கம் கல் மாதிரி இருந்தது, நான் அருள் நிறைந்த மரியே சொல்லத் தொடங்கிவிட்டேன்.

விசில் ஊதியது. முதலில் ஒரு குலுக்கல், பின்பக்கமாக நழுவியது போல இருந்தது. அப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டார். எஞ்சின் ஒரு மூச்சு விட்டது, இன்னொரு மூச்சு, சக்கரம் ஒரு தரம் வழுக்கிச் சுற்றியது, அப்புறம் பிடித்தது. நம்பு தம்பி, அந்த நடு மலையில், நின்ற இடத்திலிருந்தே, அத்தனை பெட்டி, அத்தனை ஜனம், மூட்டை முடிச்சு, ஒருவரைக்கூடக் கீழே இறக்காமல் அது மேலே ஏறியது. கவுண்டர் கையைக் கூப்பிவிட்டார். பாறையைப் பிளந்த அந்த வழிக்குள் போகும்போது சத்தம் இரண்டு பக்கமும் மோதி நெஞ்சுக்குள் புகுந்தது. வெளியே வந்ததும் அப்பா மெல்ல எழுந்து சாய்ந்து உட்கார்ந்தார், வீக்கமும் தானாகவே உள்வாங்கியிருந்தது, ஆண்டவருக்குத் தோத்திரம். கீழே சரிவில் பழைய பாதையின் மேடு தெரிந்தது, ஆட்டுத்தடம் அளவுதான், முழுக்க முள். அதைக் காட்டுவார் என்று பார்த்தேன், காட்டவில்லை. என் கையைப் பிடித்தார். நாலு பேர் பார்க்க அவர் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. "எல்லாரையும் ஒக்கார வெச்சே இழுத்துட்டான்" என்றார். கண்ணில் தண்ணீர் வந்தது, கரித்தூள் விழுந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை.

இங்கே வந்தபின் டாக்டர் சோதித்துவிட்டு, பெரியவர் பிழைத்ததே பெரிது என்றார். ஆண் பிள்ளை உண்டா, ஆபரேஷனின்போது ரத்தம் தேவைப்படலாம், கூட ஒருவர் இருக்க வேண்டும் என்று கேட்டதற்கு, இவர் முந்திக்கொண்டு, பையன் வடக்கே பெரிய வேலையில் இருக்கிறான், அவனையெல்லாம் இழுக்க வேண்டாம், என்ன ஆனாலும் சரி என்றார். என்ன ஆனாலும் சரி என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா. இரண்டு ராத்திரி நான் தூங்கவில்லை, உனக்கு எழுதுவதா வேண்டாமா என்று. அப்பா பேச்சை மீறினால் அந்தக் கோபத்தில் எழுந்து ஊருக்கே புறப்பட்டுவிடுவாரோ என்றும் பயம்.

இன்று காலையில் பூசைக்குக் கிளம்பினேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தவர், திரும்பாமலேயே, "பிலாயில இருந்து இங்க வர எத்தினி நாளு ரயிலு" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். சரி, போ, பூசைக்கு நேரமாவுது என்றார். அவ்வளவுதான் கேட்டார் ராசா. உன் அப்பா இதற்கு மேல் கேட்கமாட்டார்.

புறப்பட்டு வா. பதில் எழுதிக்கொண்டிருக்காதே. லீவுக்கு மேலதிகாரியிடம் பணிவாகச் சொல், வழியில் கண்ட தண்ணீரைக் குடிக்காதே, ராத்திரியில் குளிரும், கம்பளியை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிடாமல் கையில் வைத்துக்கொள். வண்டி நிற்காமல் இறங்காதே. பரலோக மாதா உன் போக்கிலும் வரவிலும் துணையிருக்கட்டும், உன் தலையில் என் கையை வைத்து நெற்றியில் முத்தி செய்கிறேன்.

எத்தனை நாள் ரயில் என்பதை நீயே வந்து அவரிடம் சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா,
சி. தேவமணி