பதினொரு புஷ்

மார்ச் 4
காப்புரிமை அலுவலகத்திலிருந்து ஆட்சேபக் கடிதம்; 20ஆம் தேதி விசாரணை. மாவு மில்லுக்கு நான் செய்த பேரிங் புதிதுதானாம். ஆனால் இந்தத் தொழிலில் சாதாரணத் திறமையுள்ள எவருக்கும் எளிதில் தோன்றுமாம். அதிகாரி இரண்டு பழைய ஆவணங்களை ஒட்டியிருக்கிறார். ஒன்றில், சுழலும் தண்டைத் தாங்கும் குழல், எண்ணெய் பரவப் பள்ளம் வெட்டிய புஷ். மற்றதில், தூசியைத் தடுக்கும் வளையம், ஓரத்தில் துளையிட்ட சீல். ஒரு ஆட்டின் தலை, இன்னொரு ஆட்டின் கால் – ஒட்டினால் நடக்குமா?

மார்ச் 6
விண்ணப்பத்தைக் கவனிக்கும் முகவரம்மா அதன் இரண்டாம் பக்கத்தைக் காட்டினார். ‘இது மிக எளிய மாற்றம்.’ நான் எழுதியது. அடித்துவிடுங்கள் என்று அன்றே சொன்னார், நான் கேட்கவில்லை. அதிகாரி அதையே எடுத்துப் போட்டிருக்கிறார்.
“எத்தனை தடவை தோத்தீங்க தம்பி? அதைச் சொன்னாத்தான் இது எளிசில்லைன்னு பேச முடியும்.”
“முதல் தடவையே வந்துருச்சு.”
ஏன் அப்படிச் சொன்னேன்?

மார்ச் 11
சோதனைக்கு மாதிரி வாங்கிப்போன பெரிய கம்பெனிக்காரர் அதைத் திருப்பித் தருவதாயில்லை. போன் செய்தால், “பேடன்ட் வந்துருச்சா?” என்று மட்டும் கேட்கிறார். வராவிட்டால் மறுநாளே அவர் செய்ய ஆரம்பித்துவிடுவார். நான் வேலையை விட்டது இதற்கா?

மார்ச் 12
எனக்குக் கடைசல் போட்டுத் தரும் ஃபிட்டர் அண்ணன் ஒரு டப்பாவைக் கவிழ்த்தார். நான் தூக்கி எறிந்த புஷ்கள், பதினொன்று.
“எடைக்குப் போடலாம்னு வச்சிருந்தேன். முகவரம்மாகிட்ட முதல் தடவையே வந்துச்சுன்னு சொன்னியாமே?”
பதினொன்றிலும் ஒரே முட்டாள்தனம். மாவுத்தூசி உள்ளே போகாமலிருக்க சீலை இறுக்கினேன், மேலும் இறுக்கினேன். போன தூசி உள்ளேயே கிடந்து தண்டை அரைத்தது. பன்னிரண்டாவதில்தான் தூசிக்கு வெளியே போக வழி விட்டேன்.
முகவரம்மாவுக்குப் போன் செய்து உண்மையைச் சொன்னேன். திட்டவில்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது.

மார்ச் 20
விசாரணை. மேசையில் பதினொரு புஷ். முகவரம்மா பேசினார்: ஒரு ஆவணத்தின் பள்ளம் எண்ணெய்க்கு, மற்றதன் சீல் தூசியை வெளியே நிறுத்த; உள்ளே வந்த தூசியை வெளியேற்ற எதிலும் ஒரு வார்த்தை இல்லை.
அதிகாரி என்னைப் பார்த்தார். “பதினோரு தடவையும் ஏன் இறுக்குனீங்க?”
“எல்லாரும் அதைத்தான் சார் செய்றாங்க. எனக்கும் வேற எதுவும் தோணல.”
காது சுட்டது. அவர் குறித்துக்கொண்டார்.

ஏப்ரல் 29
உத்தரவு வந்தது. காப்புரிமை கிடைத்தது. ஆறாம் பத்தி: ‘சாதாரணத் திறமையுள்ள ஒருவருக்கு இது எளிதில் தோன்றாது என்பதற்கு விண்ணப்பதாரரே சான்று.’
ஃபிட்டர் அண்ணன் அந்தப் பக்கத்தை மட்டும் நகல் எடுத்து கடைசல் எந்திரத்துக்கு மேலே ஒட்டியிருக்கிறார். நான் கிழிக்கவில்லை.