மூன்றாவது சாவி

மார்ச் 4, செவ்வாய்

இன்று ஒரு பீரோ, இரண்டு கதவு, சாவியை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்ட ஒரு பல் டாக்டர். அவர் கதவுக்கு நாற்பது நொடி ஆனது. கை நடுங்காமல் இருந்தால் பத்தே போதும். கடையைச் சாத்தும் முன் எழுதுகிறேன்: இன்று கொஞ்சம்தான் குடிப்பது என்று முடிவு.

மார்ச் 5, புதன்

போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நேற்று வீட்டு வாசலுக்குப் போனால் பையில் சாவி இல்லை. மனைவியை எழுப்பினால் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். என் வீட்டுப் பூட்டுதானே. கம்பியை விட்டுத் திறந்து, பூனை மாதிரி போய் சோபாவில் படுத்துவிட்டேன். விடிந்து கண்ணைத் திறந்தால் எதிரே ஒரு பெரியவர், கையில் குடையோடு, நாற்காலி போட்டு உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாருங்க நீங்க? என் வீட்ல என்ன பண்றீங்க?" என்று நான்தான் முதலில் கேட்டேன்.

என் வீடு நான்காவது மாடி. நான் படுத்திருந்தது மூன்றாவது மாடி. அவர் போன மாதம் குடிவந்த கணக்கு வாத்தியார்.

அவர் கூப்பிட்டு வந்த இன்ஸ்பெக்டர் பூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒரு கீறல் கூட இல்ல. கேஸ் போடறதா, பாராட்டுப் பத்திரம் குடுக்கறதா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீடு புகுந்த கேஸ் இருக்கும் பூட்டுக்காரனை எவன் வாசலில் சேர்ப்பான்? கடை போச்சு.

அப்போதுதான் ஏட்டம்மா வந்தார். குடியால் மாட்டுகிறவர்களைக் கோர்ட்டுக்கு அனுப்பாமல் வைத்தியத்துக்கு அனுப்பும் புதுத் திட்டத்துக்கு அவர்தான் பொறுப்பு. பத்து நாள் ஆஸ்பத்திரி. மொத்தம் அறுபது நாள். திங்கள்தோறும் வந்து கையெழுத்து.

"நடுவுல தடுக்கி விழுந்தா வந்து சொல்லுங்க, பாத்துக்கலாம். மறைச்சாதான் கேஸ்," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "என் திட்டத்துக்கு நீங்கதான் முதல் போணி. கெடுத்துடாதீங்க."

வாத்தியாரும் சம்மதித்தார். போர்வையை நான் மடித்து வைத்தது அவருக்குப் பிடித்திருந்ததாம்.

மார்ச் 6, வியாழன்

மனைவி பூட்டை மாற்றவில்லை. மாற்றினால் எனக்கு அரை நிமிட வேலை என்று அவளுக்குத் தெரியும். கதவின் உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் போட்டிருக்கிறாள். தானே துளை போட்டு, தானே திருகி, கோணலாக. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அதைக் காட்டினாள்.

"இருபது வருஷமா எல்லா கதவையும் திறந்துட்டீங்க. இத நான் திறந்தாதான் திறக்கும். அறுபது நாள் முடியட்டும்."

சாத்திவிட்டாள். அவள் வீட்டிலேயே தையல் மெஷின் ஓட்டுகிறவள், வெளியே போவதும் அபூர்வம். தாழ்ப்பாளுக்குச் சாவித் துளை கிடையாது. இத்தனை வருடத் தொழிலில் இதை நான் யோசித்ததே இல்லை.

இனி கடையில்தான் படுக்கை. நாளை ஆஸ்பத்திரி.

மார்ச் 9, ஞாயிறு

வாந்தி. எழுத முடியவில்லை.

மார்ச் 14, வெள்ளி

எப்போதிலிருந்து குடிக்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டார். நண்பன் கல்யாணத்தில் சும்மா ஆரம்பித்தது என்றேன். நண்பனுக்குப் போன வருடம் பேத்தி பிறந்துவிட்டாள்.

மார்ச் 26, புதன்

ஏட்டம்மா ஜீப்பில் வந்து கடை வாசலில் இறங்கி, "இன்னிக்கு எப்படி இருக்கீங்க? நல்லா சாப்பிட்டீங்களா?" என்று பாசமாகக் கேட்கிறார். தெருவே வேடிக்கை பார்க்கிறது. போலீஸ் அடித்தால் கூட நாலு பேர் பரிதாபப்படுவார்கள். நலம் விசாரித்தால் ஊரே சந்தேகப்படுகிறது. யூனிஃபார்ம் வேண்டாம் மேடம் என்று கெஞ்சினேன்.

மார்ச் 28, வெள்ளி

சாதாரண உடையில் வந்தார். காலில் அதே பூட்ஸ். கடை வாசலில் அட்டென்ஷனில் நின்றுகொண்டு, "சும்மா இந்தப் பக்கம் வந்தேன்" என்றார். பக்கத்துக் கடைக்காரர் எழுந்து நின்றுவிட்டார்.

ஏப்ரல் 7, திங்கள்

வாத்தியார் கடைக்கு வந்தார். "உங்களால திறக்க முடியாத பூட்டு ஒண்ணு வேணும்."

"தாழ்ப்பாள் போடுங்க சார்," என்றேன். அனுபவம்.

போகும்போது "முப்பத்திமூணு நாள்" என்றார். நான் எண்ணுவதை விட்டுவிட்டேன், அவர் எண்ணிக்கொண்டிருக்கிறார்.

ஏப்ரல் 21, திங்கள்

கையெழுத்துப் போடப் போனேன். ஸ்டேஷனே தலைகீழாகக் கிடந்தது. இரும்பு பீரோவின் சாவி காணவில்லை, உள்ளே இருக்கும் பொருளை நாளைக்குக் கோர்ட்டில் காட்டியாக வேண்டும்.

"வெளியாள கூப்பிட்டா மானம் போயிடும். நம்மாளு இருக்காரே," என்றார் இன்ஸ்பெக்டர்.

நம்மாளு. ஸ்டேஷனில் என்னை அப்படிச் சொல்லிக் கேட்டதும் நெஞ்சு நிமிர்ந்தது. எட்டு நொடி. கை நடுங்கவே இல்லை. கதவை விரியத் திறந்தேன்.

பாட்டில்கள். மேலிருந்து கீழ் வரை, ஒவ்வொன்றின் கழுத்திலும் சீட்டு கட்டி, வரிசையாக. அத்தனையும் பிடிபட்ட சரக்கு.

இன்ஸ்பெக்டர் மின்விசிறியைப் பார்த்தார். ஏட்டம்மா கண்ணை மூடிக்கொண்டார். பாலுக்குப் பூனையைக் காவல் வைப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன். இவர்கள் பூனையை விட்டே உறியை இறக்கியிருக்கிறார்கள்.

பதற்றத்தில் இன்ஸ்பெக்டர் இன்னொன்றும் சொன்னார்: "பூட்டு பழசாயிடுச்சு. புதுசா நீங்களே ஒண்ணு போட்டுடுங்க."

போட்டேன். இரண்டு சாவி கொடுத்தேன்.

செய்தது மூன்று.

ஏப்ரல் 22, செவ்வாய்

ஏன் செஞ்சேன்? தொழில் பழக்கம், ஒண்ணு கூட வெட்டி வைப்போம்— பொய். யாருகிட்ட பொய் சொல்ற, நோட்டுகிட்டயா?

ஸ்டேஷன்ல பூந்து எடுக்கப் போறியா? மாட்டேன். அப்ப எதுக்குடா சாவி? பையில இருக்குன்னு தெரிஞ்சா போதும்னு தோணுது. அதுதான் பயமா இருக்கு.

ஏப்ரல் 23, புதன்

காலையில் சாவியைச் சாக்கடையில் போட்டேன். மத்தியானம் காந்தத்தைக் கயிற்றில் கட்டி இறக்கினேன். பித்தளையில் காந்தம் ஒட்டாது என்பது இறக்கிய பிறகுதான் நினைவுக்கு வந்தது. கம்பியை வளைத்து எடுத்தேன். கழுவினேன். மறுபடி பையில். வெட்கமாக இருக்கிறது.

ஏப்ரல் 24, வியாழன்

வீட்டுக் கதவைத் தட்டினேன். "இன்னும் நாள் இருக்கு" என்றாள் உள்ளேயிருந்து. சாவியைக் கதவின் அடியில் தள்ளிவிட்டேன்.

"எந்தப் பூட்டுக்கு?"

சொன்னேன். எல்லாவற்றையும், சாக்கடை உட்பட.

"குடிச்சீங்களா?"

"இல்ல."

"அப்ப போய் அவங்ககிட்டயே சொல்லுங்க."

"கேஸ் போட்டா?"

"மறைச்சாதானே கேஸ்?"

சாவி அடி வழியாகத் திரும்பி வந்தது. அவள் உடனே உள்ளே போய்விடவில்லை. மூச்சு கேட்டது. நானும் கொஞ்ச நேரம் நின்றேன்.

ஏப்ரல் 25, வெள்ளி

ஏட்டம்மாவின் மேஜையில் சாவியை வைத்தேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு ரிஜிஸ்டரை எடுத்து விரித்தார். நான் கடைக்கு மனதுக்குள் விடை கொடுத்துவிட்டேன்.

"இத எழுதணும்னா, உங்கள வச்சு அந்த பீரோவ திறந்தத முதல்ல எழுதணுமே," என்றார்.

இரண்டையும் எழுதினார். இன்ஸ்பெக்டர் இரண்டின் கீழும் கையெழுத்துப் போட்டார். "நீங்களா வந்து சொன்னீங்க. கேஸ் இல்ல. அடுத்த திங்கள் வாங்க," என்றார் ஏட்டம்மா.

பூட்டை மாற்றப் பெரிய தெருப் பூட்டுக்காரனைக் கூப்பிட்டார்கள். பதினான்கு நிமிடம் எடுத்துக்கொண்டான். பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே நின்றேன். குடிக்காமல் இருப்பதை விட அது கஷ்டமாக இருந்தது.

மே 5, திங்கள்

கடைசிக் கையெழுத்து. ஏட்டம்மா கை குலுக்கினார். வாத்தியார் மாடிப்படியிலேயே காத்திருந்து, "அறுபது நேத்தோட முடிஞ்சுது, இன்னிக்கு அறுபத்தொண்ணு," என்று திருத்தினார்.

கதவைத் தட்டினேன். உள்ளே இழுக்கும் சத்தம். மறுபடி இழுக்கும் சத்தம். திறக்கவில்லை.

"என்ன, மனசு மாறிட்டியா?"

"மழையில கதவு உப்பிப் போச்சு. தாழ்ப்பாள் வர மாட்டேங்குது."

வெளியே நிற்கும் பூட்டுக்காரனால் செய்ய ஒன்றுமில்லை. கையில் பைநிறையக் கருவி.

"கதவ உங்க பக்கம் இழுத்துப் பிடிங்க," என்றாள். பிடித்தேன். அவள் உள்ளே ஒரு இழுப்பு இழுத்தாள். திறந்தது. அவள் நெற்றியெல்லாம் வியர்வை.

கோணலாக இருக்கிறது, நிமிர்த்தி மாட்டட்டுமா என்று திருப்புளியை எடுத்தேன்.

"அத மட்டும் தொடாதீங்க," என்றாள்.

படுக்கப் போகும் முன், "தாழ்ப்பாள் போட்டுட்டு வாங்க" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். போட்டேன். மூன்றாவது முயற்சியில்தான் மாட்டியது.