ஓட்டை மேல் ஒட்டிய ஸ்டிக்கர்

என் செல்ல மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். எல்லாரும் சுகம் என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். அப்பா சுகமாகத்தான் இருக்கிறார். எனக்குத்தான் போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. வயிற்றுக் கோளாறு ஒன்றுமில்லை, அருவருப்பு. இத்தனை வருஷமாக ஊர்ப்பட்ட சொத்தைப் பல்லின் வாடையை மூக்கைச் சுளிக்காமல் தாங்கினவள் நான். இதைத் தாங்க முடியவில்லை.

போனில் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். போனில் நான் கத்துவேன், நீ அழுவாய், நடுவில் அப்பா பிடுங்கிக்கொண்டு, "அவ ஏதோ டென்ஷன்ல இருக்கா, நீ போய்த் தூங்கு" என்று வைத்துவிடுவார். அதனால் எழுதுகிறேன். நிதானமாகப் படி.

நீ இங்கே இருந்தபோது நம் ராக்கெட் கிளப்பில் நாம் விட்டதெல்லாம் குட்டி ராக்கெட்டுகள். எரிந்து முடிந்ததும் மோட்டாரே பாராசூட்டை வெளியே தள்ளிவிடும். நீ போன பிறகு கிளப்பில் சேர்ந்த, உனக்கு நிச்சயம் பண்ணியிருக்கும் மாப்பிள்ளை, என் தோள் உயரத்துக்கு ஒன்றைக் கட்டினார். (இந்தக் கடிதம் முழுக்க மாப்பிள்ளை என்றே எழுதுகிறேன். கை கூசுகிறது, இருந்தாலும் எழுதுகிறேன்.) அவ்வளவு பெரியதற்கு ஆல்டிமீட்டர் வேண்டும். விரல் நீளத்துக்கு ஒரு சர்க்யூட் பலகை, அவ்வளவுதான். காற்றழுத்தத்தை வைத்து உயரத்தைக் கணக்குப் போடும். மேலே போகப் போக அழுத்தம் குறையும். மறுபடி கூட ஆரம்பித்தால் உச்சி தாண்டி இறங்குகிறோம் என்று புரிந்துகொண்டு, உள்ளே வைத்திருக்கும் ஒரு சிட்டிகை வெடிமருந்தைப் பற்றவைக்கும். மூக்குக் கூம்பு பிய்த்துக்கொண்டு போகும், பாராசூட் வெளியே வரும்.

அது வெளிக்காற்றை உணர வேண்டுமே, அதற்காகக் குழாயைச் சுற்றிச் சின்னச் சின்ன ஓட்டைகள் போட வேண்டும். என் கிளினிக் டிரில்லால் நானே போட்டு, ஓரத்தில் பிசிறில்லாமல் தேய்த்துக் கொடுத்தேன். சுவிட்ச் வைத்தது பம்பரம். பள்ளி பஸ் ஓட்டுவாரே, ஓர் இடத்தில் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருப்பாரே, அவர்தான். நாங்கள் இருவரும் மாப்பிள்ளையை உட்காரவைத்துச் சொன்னோம். மருந்து போட்ட பிறகு மேசையில் வைத்துச் சுவிட்சைத் தொடவே கூடாது. ஏவுகம்பியில் நிமிர்த்தி நிறுத்தி, எல்லாரும் விலகிய பிறகுதான் போட வேண்டும். பீப் பீப் என்று கேட்டால் அது விழித்துக்கொண்டது என்று அர்த்தம். "சரி அத்தை, சரி அத்தை" என்று நன்றாகத்தான் தலையாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை தன் கம்பெனி ஆட்களை மைதானத்துக்கு அழைத்து வந்திருந்தார். மேலதிகாரியும் வந்திருந்தார். நான் மைதானத்தின் மறுகோடியில் வேறொருவருடைய பாராசூட்டை மடித்துக்கொண்டிருந்தேன். பீப் சத்தம் கேட்டுத் திரும்பினால், மேசை மேல் மருந்து போட்ட ராக்கெட். விருந்தாளிகளுக்குச் சத்தம் கேட்க வேண்டும் என்று சுவிட்சைப் போட்டிருக்கிறார். போதாததற்கு, நான் போட்ட ஓட்டைகளெல்லாம் பார்க்க அசிங்கமாக இருக்கிறதாம், அவற்றின் மேல் கம்பெனிப் பெயர் போட்ட ஸ்டிக்கரைச் சுற்றி ஒட்டியிருக்கிறார். ஆஃப் பண்ணுங்கள் என்று கத்திக்கொண்டே ஓடினேன். எனக்கு முன்னால் பம்பரம் ஓடிவிட்டார்.

அதற்குள் மாப்பிள்ளை, உள்ளே என்ன இருக்கிறது என்று காட்ட, குழாயின் மூடியைப் பிடித்து, அதோடு சேர்ந்த ஆல்டிமீட்டர் தட்டைப் பாதி வெளியே இழுத்து மறுபடி உள்ளே தள்ளினார். ஓட்டை அடைபட்ட குழாய்க்குள் அது சிரிஞ்சில் மருந்து இழுத்துத் தள்ளுவது மாதிரி. இழுத்ததும் அழுத்தம் குறைந்தது, பறக்கிறோம் என்று அது நம்பிவிட்டது. தள்ளியதும் கூடியது, இறங்குகிறோம் என்று நம்பிவிட்டது. சுவிட்சை அணைக்கக் குனிந்த பம்பரத்தின் முகத்தில் கூம்பு வந்து அடித்தது.

தாடை உடைந்துவிட்டது. முன்பல் ஒன்று முழுசாக வெளியே வந்துவிட்டது. புல்லில் தேடி எடுத்து, வேரைத் தொடாமல் பிடித்து, யாரோ ஃபிளாஸ்க்கில் கொண்டுவந்திருந்த பாலில் போட்டேன். அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு ரத்தத்தைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தேன். எல்லாரும் எங்களைச் சுற்றி நின்றார்கள். மாப்பிள்ளை மட்டும் மேசையருகே இருந்தார். நகத்தால் ஸ்டிக்கரைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அவசரமே இல்லை. பிய்த்து, உருட்டி, உருண்டையாக்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். அதற்கப்புறம்தான் "ஐயோ" என்று ஓடி வந்தார். மேசை மேல் அந்தக் கருவி, தான் எவ்வளவு உயரம் பறந்தது என்று பீப் அடித்துச் சொல்லிக்கொண்டே இருந்தது.

மறுநாள் கிளப் தலைவர் வீட்டு கராஜில் கூடினோம். பம்பரம் ஆஸ்பத்திரியில் தாடைக்குக் கம்பி போட்டுப் படுத்திருக்கிறார், இங்கே டீயும் பிஸ்கட்டும் சுற்றி வருகிறது. மாப்பிள்ளை எழுந்து, "அவர்தான் சுவிட்சைத் தட்டிட்டார், நான் தடுக்கத்தான் பார்த்தேன்" என்றார். குரல் கூட நடுங்கவில்லை. நான் பார்த்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். தலைவர் உதட்டில் பிஸ்கட் தூளோடு என்னைப் பார்த்து, "டாக்டரம்மா, உங்க வீட்டுக்கு வரப்போற பிள்ளையையே இப்படிப் பேசறீங்களே" என்றார். அந்தக் கம்பெனி கிளப்புக்குப் புது ஏவுமேடை கட்டித் தருகிறதாம். சுவிட்சைத் தட்டிய உறுப்பினரின் கவனக்குறைவு என்று முடிவு கட்டிவிட்டுக் கோப்பைகளைக் கழுவப் போனார்கள்.

திரும்பும்போது வீட்டில் விடுகிறேன் என்று மாப்பிள்ளை காரில் ஏற்றிக்கொண்டார். அந்த ஸ்டிக்கரைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று நினைத்துத்தான் ஏறினேன். "பெரிசு பண்ணாதீங்க அத்தை, ஒரு பல்லுதானே" என்றார். என்னிடம்! சிக்னலில் கதவைத் திறந்து இறங்கி நடந்தே வந்தேன். வீட்டுக்கு வந்து கை கழுவினேன், கழுவிக்கொண்டே இருந்தேன்.

பம்பரத்தின் பல்லைத் திரும்பப் பொருத்திக் கட்டியிருக்கிறோம். பிடிக்குமா என்று போகப் போகத்தான் தெரியும். பார்க்கப் போனபோது, கட்டிய பல்லிடுக்கு வழியாக, "விடுங்க டாக்டர், சுவிட்சை நானே போட்டதா இருக்கட்டும். பொண்ணு கல்யாணம்" என்றார். நம்முடைய நல்ல காரியத்துக்கு அவர் வாயை மூடிக்கொள்கிறாராம். அதற்குள் பள்ளிக்கூடத்தில், வெடிமருந்தில் விளையாடுகிற ஆள் எங்கள் பஸ்ஸை ஓட்ட வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். நேரே போய்ப் பள்ளி மேனேஜர் முன்னால் உட்கார்ந்து, யார் சுவிட்சைப் போட்டது, யார் ஸ்டிக்கரைக் கிழித்தது, அவர் எனக்கு என்ன உறவாகப் போகிறவர், எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, தாடை ஆறியதும் பம்பரம் வேலைக்கு வரலாம் என்றார். கிளப்பிலிருந்து நான் விலகிவிட்டேன். என் டிரில்லையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அப்பா, "பையன் பயந்துட்டான், அவ்ளோதான், பொண்ணு மனசைக் கெடுக்காதே" என்கிறார். பயம் எனக்குப் புரியாதா? என் நாற்காலியில் உட்காருகிறவர்கள் எல்லாருமே பயப்படுகிறவர்கள்தான். பயந்தவன் ஓடுவான், அழுவான், உளறுவான். ஒருத்தன் ரத்தம் கக்கிக்கொண்டு கிடக்கும்போது உட்கார்ந்து ஸ்டிக்கரைச் சுரண்ட மாட்டான்.

மாப்பிள்ளை உன்னிடம் இதை எப்படிச் சொல்லியிருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. சொன்னாரா என்பதே தெரியாது. நான் எழுதினதைக் காட்டிக்கொள்ளாமல் ஒரு தடவை கேட்டுப் பார். அவர் சொல்வதை முழுசாகக் கேள், குறுக்கே பேசாதே.

கல்யாணத் துணி எந்தக் கடையில் எடுக்கலாம் என்று கேட்டிருந்தாய். அதற்கு இன்று என்னால் பதில் எழுத முடியவில்லை. நீ வரும் நாளன்று விமான நிலையத்துக்கு அவர் வருகிறாராம். நானும் வருவேன். நீ யாருடைய வண்டியில் ஏறினாலும் நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன், சத்தியம். ஒன்றே ஒன்று மட்டும் கேட்கிறேன், கண்ணே. வீட்டுக்கு வரும் வழியில் பம்பரத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வா. அவர் உன்னைப் பார்த்துச் சிரிக்க முயற்சி பண்ணுவார். சிரிக்கட்டும்.

வேளைக்குச் சாப்பிடு. நீ நன்றாக இருக்க வேண்டும், நிம்மதியாக இருக்க வேண்டும். எந்த வீட்டில் இருந்தாலும்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா