ஷீலாவுக்கு விளங்குகிற வேதாகமம்

நவம்பர் 12, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. கடல் இரைச்சல் அடுப்படி வரை கேட்கிறது. சந்தியில் துப்பாக்கியோடு ஆமி நிற்பதால் பிள்ளைகளை யாரும் அனுப்பவில்லை, பள்ளிக்கூடம் பாதியில் முடிந்தது.

அஸர் தொழுகைக்குப் பிறகு கிரேஸ் டீச்சர் வந்தாள். ஒரு கையில் மகள் ஷீலாவின் கை, மற்றதில் ஒரு துணிப்பை. எங்கள் பள்ளிக்கூடத்தில் இருக்கும் ஒரே கிறிஸ்தவ டீச்சர் அவள். ஒரே மேசையில் இருந்து சாப்பிடுகிற பழக்கம் எங்களுக்கு. சனிக்கிழமை ஆமி அவர்களுடைய பகுதியைச் சுற்றி வளைத்தபோது அவளுடைய புருஷனை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். தபால் கந்தோரில் வேலை, யாரோடும் சண்டைக்குப் போகாத மனிதர். விசாரித்துவிட்டு விடுவோம் என்றார்களாம். விடவில்லை. எந்த முகாம் என்றும் தெரியவில்லை. அவள் மட்டக்களப்புக்குப் போய்த் தேடப் போகிறாள், அங்கேயும் இல்லையென்றால் கொழும்பு. வழியெல்லாம் செக்பொயின்ட். பிள்ளையைக் கொண்டுபோக முடியாது. அவளுடைய தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. வரும்வரை எங்களிடம் விட வந்திருக்கிறாள்.

சாப்பாடு, உடுப்பு என்று ஒன்றும் அவள் கேட்கவில்லை. ஒரேயொரு விஷயம்தான். "விளக்கு வைக்கிற நேரம் வேதாகமத்தில ஒரு பக்கம் வாசிக்க விடுங்க டீச்சர். வரிசையா வாசிக்கட்டும். அதை மட்டும் நிப்பாட்ட வேணாம்."

ஓம், வாசிக்கட்டும் என்றேன். வீட்டுக்காரரைக் கேட்காமல் சொல்லிவிட்டது அவள் போன பிறகுதான் உறைத்தது.

அவர் கடை பூட்டி வந்தார். விஷயத்தைச் சொன்னேன். பிள்ளை மீன் தின்னுமா என்று கேட்டார். வேறு கேள்வி இல்லை.

வீட்டில் புதிதாக ஆள் இருந்தால் பொலிசில் சொல்ல வேண்டும். சொல்லவில்லை.

நவம்பர் 14, வியாழன்

மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. விறகெல்லாம் ஈரம். வாங்க: அரிசி, மண்ணெண்ணெய், என் மகள் நஸீராவுக்கு ரிப்பன் (ஷீலாவுக்கும்).

இருவருக்கும் ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. பகலில் நன்றாக விளையாடுகிறார்கள். மஃரிப் ஆகி விளக்கு வைத்ததும் ஷீலாவின் முகம் மாறிவிடுகிறது.

கிரேஸ் கொடுத்தது அவளுடைய மாமனாரின் வேதாகமம். கறுப்பு மட்டை, எறும்பு ஊர்ந்தது போல் எழுத்து. "வியாதியஸ்தர்", "பிரயாசம்", "இரட்சிப்பு". எனக்கே நின்று வாசிக்க வேண்டியிருக்கிறது. வீட்டில் அப்பா மடியில் வைத்து வாசிப்பாராம், இவள் விரலால் பின்னால் போவாளாம். இப்போது தனியாக. ஒரு சொல் தடக்கினால் முதல் வரியிலிருந்து திரும்பத் தொடங்குகிறாள். மறுபடியும் தடக்கல், மறுபடியும் முதல் வரி. சோறு ஆறிவிட்டது.

தெரியாத சொல்லை விட்டுவிட்டு வாசி மகள் என்றேன். தலையை ஆட்டினாள். "பிழையா வாசிச்சா கணக்கில சேராது மாமி. அப்பா வரமாட்டார்."

யார் சொன்னது என்று கேட்டேன். யாரும் சொல்லவில்லையாம், அவளுக்கே தெரியுமாம்.

நவம்பர் 16, சனி

தூங்கும்போது பல்லைக் கடிக்கிறாள். நேற்று அந்தப் பக்கத்தை முடிக்கவேயில்லை, அழுது களைத்துச் சாய்ந்துவிட்டாள். காலையில் எழும்பியதும் கேட்ட முதல் கேள்வி, நேற்று முடிக்காதது பரவாயில்லையா என்பதுதான்.

நான் இத்தனை வருடம் சின்ன வகுப்புக்கு வாசிப்புப் படிப்பித்தவள். பிள்ளையின் பிழை இல்லை, அந்தப் புத்தகம் அவளுக்குக் கடினம். லேசான தமிழில் ஒன்று வேண்டும். அவரிடம் சொன்னேன்.

கடைக் கணக்குக் கொப்பியை மூடிவைத்தார். கடையில் யார் யார் வருகிறார்கள், என்ன கதைக்கிறார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும். எங்கள் முஸ்லிம் ஆட்களுக்கும் தமிழ் ஆட்களுக்கும் இடையே இந்த வருடம் நடந்த சண்டையும் எரிப்பும் இன்னும் ஆறவில்லை. பிறகு, வாங்குங்க, ஆனால் நபிமார்களின் படம் போட்டது இந்த வீட்டுக்குள் வர வேண்டாம் என்றார். நபிமார்களை முகம் வைத்து வரைவது எங்கள் மார்க்கத்தில் கூடாது, நானும் அதைத்தான் நினைத்திருந்தேன்.

கிரேஸிடமிருந்து தகவல் இல்லை.

நவம்பர் 18, திங்கள்

பள்ளிக்கூடம் விட்டு நேரே டவுனுக்கு. தேவாலயத்தை ஒட்டி ஒரு சின்னப் புத்தக அறை இருக்கிறது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனேன். போதகரின் மனைவி மட்டும்தான். என்னைக் கண்டதும் எழும்பி நின்றுவிட்டா. நான் கேட்டதும் வாசலைத்தான் பார்த்தா.

"பிழையா நினைக்க வேணாம். உங்களுக்கு வித்தா நாங்க மதம் மாத்த ஆள் பிடிக்கிறமெண்டு கதை வரும். இப்ப இரிக்கிற நிலைமையில எங்களால தாங்க ஏலா."

கிரேஸின் பெயரைச் சொன்னேன். அவ அப்படியே கதிரையில் இருந்துவிட்டா. கிரேஸின் புருஷனுக்காக ஞாயிறு ஆராதனையில் எல்லோரும் ஜெபித்தார்களாம். பிள்ளை எங்கே என்று தெரியாமல் இருந்தார்களாம். பிறகு கதவைச் சாத்திவிட்டு மூன்றை எடுத்து வைத்தா.

ஒன்று பெரிய படப் புத்தகம், பளபளப்பு. நூஹ் நபியின் கப்பல், மூஸா நபியின் கோல் (அவர்களுக்கு நோவா, மோசே), எல்லோருக்கும் முகம். ஷீலா கண்டால் விடமாட்டாள். எங்கள் வீட்டுக்கு ஆகாது என்பது ஒரு புறம். வாசித்துப் பார்த்தால் தமிழும் லேசில்லை. மூன்று வரிக்கு ஒரு வசனம் நீள்கிறது, பெரியவர்கள் வாசித்துக் காட்டுவதற்கு எழுதியது. இரண்டாவது, முழு வேதாகமமும் புதுத் தமிழில். தமிழ் நல்லது, ஆனால் செங்கல் மாதிரிக் கனம், எழுத்தும் பொடி. மூன்றாவது மெல்லியது. ஈஸா நபியின், அவர்களுடைய இயேசுவின், சரித்திரம் மட்டும், அவர்கள் சொல்கிற சுவிசேஷங்களில் ஒன்று. படமில்லை. பெரிய எழுத்து, சின்னச் சின்ன வசனம். "வியாதியஸ்தர்" இல்லை, "நோயாளிகள்".

நடுவில் ஒரு பக்கத்தை விரித்து, ஷீலா வாசிப்பது போல் வாய்க்குள் வாசித்தேன். ஓரிடத்திலும் தடக்கவில்லை. அதையே எடுத்தேன்.

சந்தியில் பையைத் திறக்கச் சொன்னார்கள். தேங்காய், வெங்காயம், அதற்குக் கீழே புத்தகம். சின்னப் பெடியன் மாதிரி ஒரு ஆமிக்காரன். புரட்டினான், மட்டையில் இருந்த சிலுவையைப் பார்த்தான், என் முக்காட்டைப் பார்த்தான். "நீ முஸ்லிம்?" ஓம். "இது யாருக்கு?" ஷீலாவின் பெயர் வாயில் வந்தால், அப்பா யார், எங்கே என்று போகும். நான் டீச்சர் என்றேன். திரும்பவும் டீச்சர் என்றேன். இன்னொருவனைக் கூப்பிட்டு ஏதோ சிங்களத்தில் சொன்னான். இருவரும் சிரித்தார்கள். போகச் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்துதான் கவனித்தேன், பையின் கைப்பிடியில் நகம் பதிந்திருந்தது.

நவம்பர் 19, செவ்வாய்

வாசித்துவிட்டாள்! பழையதில் விட்ட இடத்திலிருந்து, ஒரே மூச்சில் ஒரு பக்கம். முடித்துவிட்டு, இது உண்மையான வேதாகமம்தானா என்று சந்தேகமாகக் கேட்டாள். போதகர் அம்மா தந்தது என்றேன். இன்னொரு பக்கமும் வாசித்தாள். மீன் குழம்போடு இரண்டு தரம் சோறு.

பல்லைக் கடிக்கவில்லை.

நவம்பர் 22, வெள்ளி

ஜும்ஆ தொழுகை முடிந்து பெரிய மச்சான், அதாவது இவர் காக்கா என்று கூப்பிடுகிற மூத்த சகோதரர், நேரே இங்கே. பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்பவர். நஸீரா குர்ஆன் ஓதப் போன இடத்தில், எங்கட வீட்டில ஷீலா ஈஸா நபிட கதை வாசிக்கிற என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். அது சுற்றி, நபி புகழ் பாடி மவ்லூது ஓதுகிற இடம் வரை போய்விட்டது.

கதிரையில் இருக்கவில்லை, நின்றபடியே கதைத்தார். ஊர் எரிந்து இப்போதுதான் அணைகிறது, இந்த நேரத்தில் வீட்டுக்குள் அவர்களுடைய இன்ஜீல் வேதமா என்றார். ஆமிக்குத் தெரிந்தாலும் ஆபத்து, பிள்ளையை முஸ்லிமாக்குகிறோம் என்று தமிழ்ப் பக்கத்து இயக்கப் பெடியன்களுக்கு யாராவது சொன்னாலும் ஆபத்து. அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் பயம். பிள்ளையைத் தேவாலயத்தில் ஒப்படைக்கச் சொன்னார்.

எங்கள் வீட்டுக்காரர் காக்காவை எதிர்த்து ஒரு சொல் கதைத்து நான் கண்டதில்லை. இன்று தலை குனிந்தபடியே சொன்னார். "அந்தப் புள்ள அமானிதம் காக்கா. தந்தவ வந்து கேக்கக்குள்ள தந்த மாதிரியே குடுக்கணும். வேற மாதிரிக் குடுக்க ஏலா."

ஷீலா கதவுக்குப் பின்னால் நின்றாள், மச்சானும் கண்டார். கடைசியில், ரோட்டுப் பக்கத்து அறையில் சத்தமாக வாசிக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். தேத்தண்ணீர் குடிக்கவில்லை.

இனி அடுப்படியில் வாசிப்பு.

நவம்பர் 23, சனி

பிள்ளைகள் குளிக்கும்போது புத்தகத்தை எடுத்து, நாளைக்கு எது வருகிறது என்று பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

யஹ்யா நபி. அவர்கள் யோவான் என்கிறார்கள். அரசன் ஆள் அனுப்பிப் பிடிப்பது, விலங்கு, சிறை. பிறகு தலையை வெட்டிக் கொண்டுவருவது. எல்லாம் சின்ன வசனத்தில், பெரிய எழுத்தில். பழைய புத்தகமாக இருந்தால் பாதி விளங்காமலே கடந்திருப்பாள். விளங்க வேண்டும் என்று தேடித் தேடி வாங்கினது நான்.

படப் புத்தகத்தில் இது இருந்திருக்காது. அதைக் கொண்டுவந்து படங்களுக்குத் தாள் ஒட்டியிருக்கலாம். அல்லது இந்தப் பக்கங்களைச் சோற்றுப் பசையால் ஒட்டிவிடலாமா? மற்றவர்களின் வேதத்தில் பக்கம் ஒட்ட நான் யார்.

கிரேஸிடமிருந்து இன்னும் தகவல் இல்லை.

நவம்பர் 24, ஞாயிறு

இன்று வேறு பக்கம் வாசிப்போமா என்று கேட்டுப் பார்த்தேன். வரிசையா எண்டு அம்மா சொன்னவ என்றாள்.

வாசித்தாள். நான் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். "சிறை" வந்ததும் குரல் இறங்கியது. நிறுத்தவில்லை. கடைசி வரை தடக்காமல் போனாள். நஸீரா என் சேலையைப் பிடித்துக்கொண்டாள்.

மூடிவைத்துவிட்டுக் கேட்டாள். "யோவான்ட ஆக்கள் போய்க் கேக்க உடம்பைக் குடுத்திருக்காங்க மாமி. எங்கட அம்மாவுக்கு ஏன் ஒண்டும் குடுக்கல்ல?"

வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். "உங்கட அப்பா உசிரோட இரிக்கார். அதனாலதான்."

சரி என்றாள். உடனே நம்பிவிட்டாள். தெரியாத ஒன்றைத் தெரிந்த மாதிரிச் சொல்லிவிட்டேனே யா அல்லாஹ்.

நவம்பர் 26, செவ்வாய்

பஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலுக்குப் போகிறேன். வகுப்பில் வரவு கூப்பிடும்போது இரண்டு பெயரை விட்டுவிட்டேன்.

நவம்பர் 27, புதன்

கிரேஸ் வந்துவிட்டாள். உள்ளங்கை இரண்டும் சேறு, செருப்பு அறுந்திருந்தது. வாசலில் அவள் முகத்தைப் பார்க்கப் பயந்து காலையே பார்த்தேன்.

"கண்டிட்டன் டீச்சர்."

முகாம் வேலிக்கு இந்தப் பக்கம் இவள், அந்தப் பக்கம் அவர், நடுவில் முற்றம். கதைக்க விடவில்லை. ஒரு கையில் துணி சுற்றியிருந்ததாம், மற்றக் கையைத் தூக்கிக் காட்டினாராம். எப்போது விடுவார்கள் என்று சொல்ல ஆளில்லை. ஆனால் உயிரோடு இருக்கிறார். நான் அடுப்படிக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

ஷீலா தாயின் மடியிலிருந்து இறங்கவில்லை. விளக்கு வைத்ததும் புத்தகத்தை எடுத்து வந்து காட்டினாள். கிரேஸ் புரட்டினாள். இது ஷீலாவின் அப்பா வாசிக்கிற தமிழ் இல்லையே என்றாள். கோபம் இல்லை, ஆனால் முகம் வாடிவிட்டது. யோவானின் பக்கத்துக்கு வந்ததும் கை நின்றது. "இதையும் வாசிச்சவளா? நான் வளர்ந்த பிறகும் தாண்டிப் போற இடம் இது."

சோறு போட்டு வைத்திருந்தேன், அவள் தொடவில்லை.

ஷீலாதான் சொன்னாள். "அது முடிஞ்சுது அம்மா. அதுக்கடுத்த கதையில எல்லாருக்கும் சாப்பாடு. பசியோட வந்த சனம் முழுக்க, புல்லுல இருத்திக் குடுக்கிறாங்க. ரொட்டியும் மீனும். கேளுங்களன்."

வாசித்தாள், விரல் வைக்காமல். இவர் கடையிலிருந்து வந்தவர், செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று கேட்டார். பாதியில் கிரேஸ் சோற்றில் கை வைத்தாள்.

வெள்ளிக்கிழமை உடுப்பு கொண்டு மறுபடியும் முகாமுக்குப் போகிறாள். ஷீலா இங்கேதான்.