பாஸ்போர்ட் அலமாரி

ஞாயிறு, இரவு

இன்று ஜெபக்கூட்டத்தில் வேதத்திலிருந்து யாத்திராகமம் வாசித்தேன். எகிப்தில் பார்வோன் ராஜாவின் அடிமைத்தனத்திலிருந்து மீட்கப்பட்ட இஸ்ரவேல் ஜனம் கப்பலேறி வந்த தோட்டத்துத் தமிழர்களாகிய நாம்தான் என்று பேசினேன். முடிந்ததும் தேவசகாயம் தனியே வந்தான். நாகர்கோவிலிலிருந்து இங்கே தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து வெட்ட வந்தவன்.

"கிராணி ஐயா, அம்மாவுக்கு ரொம்ப முடியல. பாஸ்போர்ட்டக் குடுங்க, ஊருக்குப் போகணும்."

"மேனேஜர் வரட்டும்லா."

"பார்வோனும் ஜனத்தப் போகவிடாம இப்படித்தானே தள்ளித் தள்ளிப் போட்டான்?"

கோபமில்லாமல்தான் கேட்டான். வேலையாட்களின் பாஸ்போர்ட்டை மேனேஜர் வாங்கிப் பூட்டி வைப்பார்; தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியான என்னிடம்தான் சாவி. நான் ஆபீஸ் அலமாரியைத் திறந்து எடுத்துக் கொடுத்துவிட்டேன். அழுதுகொண்டே கம்போங் ராஜா டவுனில் பஸ் பிடிக்க ஓடினான்.

மேனேஜரிடம் என்ன சொல்வேன்? மற்றவர்களின் பாஸ்போர்ட்டெல்லாம் இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. இத்தனை வருடம் என்னை இஸ்ரவேலன் என்றே நினைத்திருந்தேன். இப்போது எந்தப் பக்கம் நின்று ஜெபிப்பது என்றே புரியவில்லை.