பிளெக்ஸை வெட்டலாமா, சொல்

பொஹோல் தீவு
ஜூன், முதல் ஞாயிறு

அன்பு மகள் கிறிசெல்லுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான், அம்மா, உன் தம்பி டோடோங், இரண்டு பன்றிகள் எல்லோரும் நலம். நீ நலமா என்று போனில் கேட்கலாம் என்றால் நீ அதை எடுப்பதாக இல்லை, அதனால்தான் கடிதம். உன் மாமா மகன் எல்மர் இந்த வாரக் கப்பலில் மணிலா வருகிறான், அவன் கையில் இதையும் அம்மா கிண்டித் தேங்காய்ச் சிரட்டையில் அடைத்த கலமாய் இனிப்பையும் கொடுத்தனுப்புகிறேன். சிரட்டையைச் சுற்றி ஒட்டிய சிவப்புக் காகிதம் கிழிந்திருந்தால் அவன் வழியிலேயே விரலை விட்டிருக்கிறான் என்று அர்த்தம், விடாதே, கேள்.

போன வாரம் நீ அனுப்பியது ஒரே வரி. "அப்பா, நான் தேறாத கேஸ், விட்டுடுங்க" என்று. அம்மா அதைப் படித்துவிட்டு அழுதாள். எனக்குக் கோபம்தான் வந்தது, ஏனென்றால் அது என் தொழிலில் நான் அளந்து பார்த்துச் சொல்கிற சொல், நீ ஓசியில் எடுத்துக்கொண்டாய். பிரிட்ஜ் பட்டறையில் நான் அதைச் சொன்னால் ஒரு குடும்பம் அன்றிலிருந்து மீனை உப்புப்போட்டுக் காயவைக்க வேண்டியிருக்கும். ஊர்க்காரர்களுக்கு என்ன, அந்தச் சொல்லை வாயில் போட்டு மென்றுகொண்டே இருக்கிறார்கள். சோறு குழைந்தால் தேறாது, டோடோங்கின் கூடைப்பந்து அணி தேறாது, நான் மைக் பிடித்துப் பாடினால் அம்மாவுக்கு அது தேறாது. பள்ளி முடித்த கையோடு நான் அம்மாவைப் பெண் கேட்டுப் போனபோது உன் தாத்தா என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, "இது தேறாத கேஸும்மா, வேற பாரு" என்று என் எதிரிலேயே சொன்னார், அப்புறம் அதே வாயால் என் வீட்டு ஐஸ்கட்டியைக் கேட்டு வாங்கிப் போட்டுக் குடித்தார். தேறாத கேஸ்களுக்கென்று கோயிலில் தனியாக ஒரு புனிதரே இருக்கிறார், யூதா ததேயு, வியாழக்கிழமை வரிசையைப் பார்த்தால் எங்கள் பட்டறையைவிட அவருக்கு வேலை அதிகம். அம்மா உன் பெயரைச் சொல்லி மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தாள். அவளுக்கு முன்னால் நின்றவள் கணவனின் சண்டைச் சேவலுக்காக ஏற்றினாளாம், எனவே அவர் உன் கேஸை எடுக்கக் கொஞ்சம் தாமதமாகலாம்.

நோனோய் என்னிடம் இத்தனை வருடம் வேலை பார்த்தும் திருந்தவில்லை. கறிக்கடை பாசிங் அக்காவின் பிரிட்ஜ் வந்தது, அவன் பக்கத்தில்கூடப் போகாமல் உறுமலைக் கேட்டுவிட்டு, "தேறாதுக்கா, இரும்புக்குப் போட்டுடுங்க" என்றான். அந்த அம்மா மூக்கைச் சிந்த ஆரம்பித்துவிட்டாள். பின்பக்கம் திறந்தால், மோட்டாரைக் கிளப்பிவிடுகிற ரிலேவுக்குள் ஒரு பல்லி கருகிக் கிடக்கிறது. பல்லியை எடுத்தேன், ரிலேவை மாற்றினேன், ஓடுகிறது. இதை உனக்கு உபதேசக் கதையாகச் சொல்லவில்லை, எனக்கு உபதேசம் கேட்டாலே தூக்கம் வரும். உண்மையிலேயே செத்த பிரிட்ஜும் வரும். ஐஸ் பெட்டியைக் கத்தியால் குத்திக் குத்தி ஓட்டையாக்கிக் கொண்டுவருவார்கள், கம்ப்ரசர் சுருள் எரிந்து உடம்போடு ஒட்டியிருக்கும், அப்போது சாமியாரானாலும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன். நம் பங்குத்தந்தையிடமும் சொன்னேன், அவர் இப்போது அதில் பாட்டுப் புத்தகம் அடுக்குகிறார். ஆனால் மீட்டர் வைத்துப் பார்க்காமல் நான் சொன்னது கிடையாது. நீ மீட்டர் வைத்தாயா? நான் வைத்தேன். உன் இன்ஜினியர் தேர்வு மதிப்பெண்ணைப் பார்த்தேன், கணக்கில் தேறிவிட்டாய், மின்சாரப் பாடத்திலும் தேறிவிட்டாய், கலவையாகக் கேட்கிற அந்த ஒன்றில்தான் கால் வழுக்கி, தேற வேண்டிய சராசரிக்கு நாலு மதிப்பெண் குறைந்தது. அந்தப் பாடத்தில் என்ன வருகிறது என்று, அதே படிப்புப் படிக்கிற எல்மரைக் கேட்டேன், வெப்பம், அழுத்தம், குளிர்சாதனம் என்றான். பிரிட்ஜ்காரன் மகள் குளிர்சாதனக் கேள்வியில் விழுந்திருக்கிறாள். வாய்விட்டுச் சிரித்துவிட்டேன், அம்மா கரண்டியை வீசினாள். அவன் காட்டிய ஒரு கேள்வியை நானும் போட்டுப் பார்த்தேன், எனக்கும் வரவில்லை, அது வேறு விஷயம்.

நீ மணிலாவுக்கு ஓடிப்போனது தேர்வுக்காக இல்லை, அந்த வாழ்த்துப் பிளெக்ஸுக்காக என்பது எனக்குத் தெரியும். முடிவு வருமுன்னே வாழ்த்து அடித்து மாட்டுகிற ஊர் உலகத்தில் இது ஒன்றுதான் இருக்கும். "தேர்தல் நேரத்துல அச்சுக்கடையில கூட்டமாயிரும்டா ரெனான்டே, நம்ம புள்ள பாஸாகாம எங்க போவுது" என்று ஊர்த் தலைவர் புருடென்சியோ சொல்லிக்கொண்டே கட்டிவிட்டுப் போனார். நீ ஒரு பக்கம், அவர் உன்னைவிட இரண்டு மடங்கு பெரிதாக மறுபக்கம், தேர்வு எழுதியது அவர்தான் என்று வெளியூர்க்காரன் நினைப்பான். மறுநாள் பட்டியலில் உன் பெயர் இல்லை. அவர் அசரவில்லையே, "மணிலாவுல டைப் அடிக்கிறவனுங்க தேறாதவனுங்க, பேரு விட்டுப்போயிருக்கும், ரெண்டு நாள் பாப்போம்" என்றார். ஒருவரும் அவிழ்க்கவில்லை, அவிழ்த்தால் தலைவரையே அவிழ்த்தது போலாகிவிடுமே. நீ சந்தைக்குப் போகிற வழியெல்லாம் "என்ன இன்ஜினியரம்மா" என்று கூப்பிட்டார்கள், பாதிப் பேர் தெரியாமல், மீதிப் பேர் தெரிந்தே. நான் தீவின் மறுகோடியில் ஓட்டல் ஏசி வேலையை முடித்துவிட்டு வந்து ஏணி போடுவதற்குள் நீ கப்பல் ஏறிவிட்டாய். நான் அதை அவிழ்த்துப் போட்டதும் தலைவர் வந்து, "ஏண்டா கழட்டின, என் மூஞ்சி இருக்குல்ல" என்றார். "மூஞ்சி உங்க கழுத்துலயே பத்திரமா இருக்கு தலைவரே" என்றேன். அதிலிருந்து அவர் வீட்டு ஏசி பழுதானால் பக்கத்து ஊர் ஆளைக் கூப்பிடுகிறார், அவன் வாயுவை அளவுக்கு மேல் அடைத்துவிட்டுப் போயிருக்கிறான், தலைவருக்கு வியர்க்கட்டும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மழை பிடித்துவிட்டது. பட்டறைக் கூரையில் என் மேஜைக்கு நேர் மேலே தகரம் இற்றுப்போய் ஒழுகுகிறது. பிளெக்ஸில் தலைவர் பாதியை அன்றே வெட்டிப் பன்றிக் கொட்டகைக்குப் போட்டுவிட்டேன், பன்றிகள் எதுவும் சொல்லவில்லை. உன் பாதி கூரை ஓட்டைக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருக்கிறது. அதை அம்மா மடித்துக் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டு தரமாட்டேன் என்கிறாள். "அதுல வருஷம் போடல, பாத்தியா, எப்ப வேணா மாட்டலாம், இருக்கட்டும்" என்கிறாள். தலைவர் கஞ்சத்தனத்தில் வருடத்தை விட்டிருக்கிறார், அதைப் பிடித்துக்கொண்டு இவள் நிற்கிறாள். கத்தரிக்கோலை எடுத்தால், "அவகிட்ட கேட்டுட்டு வெட்டு" என்கிறாள். சரி, கேட்கிறேன்.

செப்டம்பர் தேர்வுக்கு விண்ணப்பம் போட இன்னும் நாள் இருக்கிறது. எழுதாதே என்றாலும் நான் சண்டைக்கு வரமாட்டேன். அந்தப் போன் பேசுகிற ராத்திரி வேலையே உனக்குப் பிடித்திருந்தால் இரு, வெளிநாட்டுக்காரனிடம் வாங்கிக் கட்டிக்கொள்வதும் ஒரு வேலைதான். ஆனால் பிடிக்காமல், வெட்கத்துக்கு ஒளிந்துகொண்டு இருக்காதே. ஊருக்கு உன் விஷயம் பழசாகிவிட்டது, தலைவரின் மைத்துனன் பக்கத்து வீட்டுச் சேவலைத் திருடி மாட்டிக்கொண்டான், இப்போது எல்லோருக்கும் அதுதான் சோறு. எழுதுவதானால் அந்த ஒரு பாடத்தைப் பிரித்துப் போட்டுப் பார், எங்கே அடைப்பு என்று பார். புரியாவிட்டால் என்னைக் கூப்பிடு. சூத்திரம் எனக்கு வராது, ஆனால் கம்ப்ரசர் ஏன் சுடுகிறது, குழாய் ஏன் பனி பூக்கிறது என்று தொட்டுச் சொல்ல வரும், சூத்திரத்தை நீ போட்டுக்கொள். ராத்திரி வேலைக்கு நடுவில் வெறும் காபியைக் குடித்து வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே, சோறு சாப்பிடு.

எனவே எல்மரிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பு. வெட்டு என்றால் வெட்டுகிறேன், உன் முகத்தை உள்பக்கம் பார்த்துத்தான் போடுவேன், வேலை நேரத்தில் தலைக்கு மேலே நீ சிரித்துக்கொண்டிரு. வெட்டாதே என்றால் கட்டிலுக்கு அடியில் கிடக்கட்டும். பதில் வரும்வரை மழை காத்திருக்காது, எனக்கும் காத்திருக்கிற குணம் இல்லை, உனக்கே தெரியும். நேற்று கடைக்குத் தகரம் வாங்கப் போனேன், கூரையில் அதை மாற்றவும் எனக்குத் தெரியும். வாங்காமல், மேஜையில் வைக்க ஒரு பெரிய வாளியை வாங்கிவந்துவிட்டேன். நோனோய் கேலி செய்கிறான். வாளி நிறையும்போதெல்லாம் எடுத்துக் கொட்டிக்கொண்டிருக்கிறேன்.

அம்மாவின் கையையும் என் கையையும் நெற்றியில் ஒற்றிக்கொண்டதாக நினைத்துக்கொள், ஆசி வந்து சேரும். போன் போட்டால் எடு.

இப்படிக்கு,
உன் அப்பா
ரெனான்டே